படத்துல இல்லாத ரூம்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு வேண்டாமுங்க. காத்து ஒத்துக்காததெல்லாம் ஒண்ணுமில்லை. பொள்ளாச்சியில இருந்து கோயமுத்தூருக்கு பஸ்ல போறப்ப நான் எப்பவும் உள்பக்கந்தான் உக்கார்றது. கோவில்பாளையம் தாண்டினா ரோட்டு மேலயே ஒரு வீடு வரும். அதைப் பாக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். கெணத்துக்கடவு வந்துருச்சுன்னா அப்புறம் எங்க வேணாலும் உக்காந்துக்குவேன்.

கையில இருக்கறது வீட்டு பிளானுங்களா? கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. சுருட்டினது உள்ளவெளிய மாறி இருக்குது. எழுத்து வெளிய தெரியற மாதிரி சுருட்டோணும். அப்பத்தான் சைட்டுல விரிக்கறப்ப படிஞ்சு கெடக்கும். இல்லாட்டி மூலைக்கு மூலை வெக்கறதுக்குச் செங்கல்லு தேடிட்டு இருப்பாங்க. ஆமாங்க, அதுதான் நம்ம பொழப்பு. நான் படம் போடறவன் இல்லை. கட்டறவனும் இல்லை. ரெண்டுக்கும் நடுவால இருக்கறவன்.

பேரு தனபாலுங்க. கோயமுத்தூர்ல சின்னச் சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் இருக்குதில்லீங்க, ஒரு மேடம், படிச்ச பசங்க ரெண்டு பேரு, ஒரு டீ பிளாஸ்க், அத்தோட ஆபீசு முடிஞ்சுது. தனியா ஒரு ஆளைப் போட்டுக் கட்டுப்படி ஆகாது. அதனால மூணு ஆபீசுக்கும் சேத்து நான் ஒருத்தன். எந்தப் படம் எப்ப சைட்டுக்குப் போகோணும், இன்ஜினியர் கம்பிப் படம் குடுத்தாரா, கரண்டுக்காரர் குடுத்தாரா, தண்ணிக் குழாய்க்காரர் குடுத்தாரா, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுதா, அதைப் பாக்கறதுதான் சோலி. புதுப் படம் ஒண்ணு சைட்டுக்குத் தாட்டி விட்டா, பழைய படத்தைச் சைட்டுல இருந்து கையோட வாங்கிட்டு வந்துருவேன். வாங்கி, மேஸ்திரி கண்ணு முன்னாலயே கிழிச்சுப் போட்டுருவேன். ஒண்ணைக்கூட விட மாட்டேன். சோத்துப் போசிக்கு அடியில விரிச்சிருந்தாலும் போசியைத் தூக்கி எடுத்துக்குவேன். ஏன்னா பழைய படம் ஒண்ணு சைட்டுல கெடந்தா அது எப்பவாவது கட்டிடமா எந்திரிச்சுரும். அது உங்களுக்கு இப்பப் புரியாதுங்க, கட்டறப்பப் புரியும்.

நான் நெம்பக் கறாருன்னு சொல்லுவாங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு மாரப்பன் மேஸ்திரி என்னைப் பாத்தாலே சொல்லுவார். சொல்லட்டும். எனக்குன்னு ரெண்டு விதி இருக்குதுங்க. படத்துல இல்லாதது இல்லை. அது ஒண்ணு. ஒரு வீட்டுக்கு ஒரு வாய். அது இன்னொண்ணு.

சிரிக்கறீங்க. ஒரு வீட்டுக்கு ஒரு வாய்னா என்னன்னா, வீட்டுக்காரங்க பக்கத்துல இருந்து ஒருத்தர்தான் எங்ககிட்டப் பேசோணும். அதுவும் எழுத்துல வரோணும். மொதல்ல எல்லாம் நான் இப்படி இல்லீங்க. வடவள்ளியில ஒரு வீடு. மாமியார் போன் பண்ணி மாடிப்படி கெழக்க இருக்கட்டும்னாங்க, மாத்தினோம். மருமக போன் பண்ணி மேக்க இருக்கட்டும்னுச்சு, மாத்தினோம். அப்புறம் அந்தப் பையன் வந்து, எங்க வீட்டுல இப்ப யாரும் யார்கூடவும் பேசறதில்லை சார், மாடிப்படியே வேண்டாங்கறான். வீடு கட்டப் போனவங்க ரெண்டு குடும்பமாப் போயிட்டாங்க. அன்னைக்குப் போட்ட விதி. போன்ல வர்றது பேச்சில்லை, மெயில்ல வரோணும். அதுவும் கையெழுத்துப் போட்ட ஆளுகிட்ட இருந்து வரோணும்.

ரோட்டு மேல வரும்னு சொன்னேனே, அந்த வீட்டுலயும் இந்த விதியிலதான் நின்னேன். நின்னது குத்தமாயிருச்சு. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

ரோகிணி மேடம்னு ஒரு ஆர்க்கிடெக்ட். நல்ல மனசுக்காரங்க, வேலையும் சுத்தம். அவங்க ஆபீசுக்கு சிவசண்முகம்னு ஒருத்தர் வந்தார். கோவில்பாளையத்துக்குப் பக்கத்துல நார் மில்லு வெச்சிருக்கறவர். சம்சாரம் சாந்தாமணி. ஒரே பொண்ணு, நேத்ரா, ஒம்பதாவது படிச்சுட்டிருந்துச்சு. மூணு பேருமா வந்தாங்க. பெரியவங்க ரெண்டு பேரும் மேடம்கிட்டப் பேசிட்டு இருக்கறாங்க, இந்தப் புள்ள நேரா என் மேசைக்கு வந்து கம்ப்யூட்டரை எட்டிப் பாத்துச்சு. "அங்கிள், இது எங்க வீடுங்களா? இதுல பெட்ரூம் மூணுன்னு போட்டிருக்குதே, அது என் ரூமுங்களா?" "ஆமா கண்ணு." "அப்ப என் பேரைப் போடுங்க. மூணுன்னா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது."

படத்துல அப்படிப் பேரெல்லாம் போட மாட்டோமுங்க. ஆனா அது பக்கத்துல நின்னுட்டே இருந்துச்சு. சரின்னு நான்தான் டைப் பண்ணினேன். நேத்ரா ரூம். படிச்சுப் பாத்துட்டு ஸ்பெல்லிங் கரெக்டுன்னு சொல்லிட்டுப் போச்சு. நான் மாத்தினதுல எல்லாருக்கும் போற படத்துலயும் அதே பேரு போயிருச்சு. இன்ஜினியர், கரண்டுக்காரர், குழாய்க்காரர், ஆசாரி, எல்லார் படத்துலயும் நேத்ரா ரூம்.

ஹாலை ஒட்டின மூலை ரூமுங்க அது. ரெண்டு பக்கமும் ஜன்னல். காலையில வெயிலு நேரா உள்ள வரும்.

கடைக்கால் போட்டு பில்லர் எந்திரிச்சிருந்துச்சு. மழை மாசம். அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க, டெங்குன்னு சொன்னாங்க, அப்புறம் கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருக்குதுன்னு சொன்னாங்க. அப்புறம் போன் வந்துச்சு. நானும் மேடமும் எழவுக்குப் போனோம். பேசறதுக்கு என்னங்க இருக்குது? எனக்கும் மனசு பொக்குனு போயிருச்சு. ஆனா நம்ம சோலி நம்மளை விடறதில்லீங்களே.

வேலை கொஞ்ச நாள் நின்னு கெடந்துச்சு. அப்புறம் சிவசண்முகம் தனியா ஆபீசுக்கு வந்தார். ஆளு பாதியா எளைச்சுட்டார். மேடம் சைட்டுக்குப் போயிருந்தாங்க, நான்தான் இருந்தேன். "தனபாலு, அந்த ரூமை எடுத்துருங்க. ஹாலோட சேத்துருங்க." சரிங்கன்னேன். போறதுக்கு எந்திரிச்சவர் மறுபடி உக்காந்தார். "எனக்காகச் சொல்லலை. சாந்தா தாங்க மாட்டா. அந்தக் கதவைத் தெனமும் பாத்துட்டு அவளால அந்த வீட்டுல இருக்க முடியாது." மெயில் போட்டுருங்க சார்னு சொன்னேன். அங்கயே உக்காந்து போன்ல இருந்து போட்டார். ஒரே வரி. விதிப்படி வந்துருச்சு. மேடம் வந்து படத்தை மாத்திக் குடுத்தாங்க, நான் தாட்டி விட்டேன். பழைய படம் ஒவ்வொண்ணையும் வாங்கிக் கிழிச்சாச்சு.

அடுத்தாப்புல அந்தம்மா போன் பண்ணுச்சு. "அண்ணா, நான் சாந்தாமணி பேசறேனுங்க." சொல்லுங்கம்மான்னேன். "ரூமை எடுத்தாச்சுன்னு அவர் சொன்னாருங்ணா. நானும் சரின்னு தலையாட்டிட்டேன். ஆனா அது இருக்கட்டுமுங்ணா. கதவைச் சாத்தி வெச்சுக்கூட வெச்சுக்கறேன். அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அவர் தாங்க மாட்டாருங்ணா."

பாருங்க. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லறாங்க. பொருத்தமான ஜோடின்னு நெனைச்சுக்கிட்டேன்.

நான் மரியாதையாத்தான் சொன்னேன். அம்மா, வாயில சொன்னா நாங்க மாத்த முடியாதுங்க. சார்கிட்டச் சொல்லி சார் மெயில்ல இருந்து ஒரு வரி போடச் சொல்லுங்க, உடனே மாத்திரலாம்னேன். "அவர்கிட்டச் சொல்ல முடிஞ்சா உங்களுக்கு எதுக்குங்ணா போன் பண்றேன்"னு சொல்லுச்சு. அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்? மேடம்கிட்டச் சொல்லியிருக்கலாமேன்னு இப்ப எல்லாரும் கேக்கறாங்க. மேடத்துக்கு நூறு சோலி. எழுத்துல வராததை எல்லாம் அவங்க காதுல போட்டுட்டு இருந்தா அப்புறம் நான் எதுக்கு? சல்லடைன்னா எதையாவது நிறுத்தோணுமில்லீங்க.

இதுக்குப் பின்னாலதான் அது ஆரம்பிச்சுது.

ஒரு ரூமை எடுக்கறதுன்னா ஒரு படத்துல எடுக்கறதில்லீங்க தம்பி. மேடம் படத்துல எடுத்தாச்சு. கரண்டுக்காரர் புதுப் படம் அனுப்பறார், ஹால் நடுவுல அந்தரத்துல ஒரு ஸ்விட்ச் போர்டு. சுவரே இல்லை, ஸ்விட்ச் போர்டு இருக்குது. பக்கத்துல எழுதியிருக்குது, நேத்ரா ரூம். திருப்பி அனுப்பினேன், எடுத்துட்டார். டைல்ஸ் கணக்கு வருது, அதுல நேத்ரா ரூமுக்குன்னு தனியா ஒரு வரி. எடுத்தேன். பெயின்ட் கணக்குல வந்துச்சு. ஏசிக் குழாய்ப் படத்துல வந்துச்சு. இங்க எடுத்தா அங்க இருக்குது. அங்க எடுத்தா இன்னொண்ணுல இருக்குது. ஒவ்வொரு படமாத் தெறந்து நானே அந்தப் புள்ள பேரைத் தேடித் தேடி அழிச்சேனுங்க. மத்தியானச் சோத்தைத் தின்னுட்டு வந்து உக்காந்தா அதே வேலை. பேரைத் தட்டித் தேடுன்னா கம்ப்யூட்டரு காட்டும், அழிப்பேன். மறுபடி தேடுவேன். இல்லைன்னு வரும். அந்த இல்லைங்கறதைப் பாத்தா எனக்கு நிம்மதியா இருக்கோணுமில்லீங்க? இருக்கலை. மறுபடியும் ஒருக்கா தேடிப் பாப்பேன்.

இந்த வேலையில இதெல்லாம் சகஜந்தான். எந்தப் படத்துலயும் பழசு ஒண்ணு ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். ஆனா மத்த வீட்டுல அது பெட்ரூம் மூணு. இதுல அது பேரோட வந்துச்சு.

அந்த மூலையில சிமெண்ட் மூட்டை அடுக்க மாட்டேன்னாங்க சைட்டுல. அங்க நின்னு வேலை பண்ணினா பின்னால யாரோ எட்டிப் பாக்கற மாதிரி இருக்குதுன்னு ஒரு சித்தாளு சொல்லுச்சாம். வேலைக்கு வளையாத ஒடம்புக்குப் பேயும் ஒரு சாக்குன்னு சொல்லி நான் சத்தம் போட்டேன். மூட்டையை நானே நின்னு அடுக்க வெச்சேன். முதுகைக் காட்டி நிக்கலை, சுவத்தோரமா நின்னேன். அது வெயிலுக்காக.

அப்புறம் ஒரு நாள் சைட்டுக்குப் போறேன், அந்த ரூம் நிக்குது.

ஆமாங்க. ஹாலுக்கு நடுவுல ரெண்டு பக்கமும் சுவர் எந்திரிச்சு நிக்குது. நாலரை இஞ்சு செங்கல் சுவரு, கதவுக்கு எடம் விட்டு, தோளு உசரத்துக்கு வந்துருச்சு. பழைய படம் ஒண்ணு எங்கயோ தப்பியிருக்குதுன்னுதான் மொதல்ல நெனைச்சேன். அத்தனையும் என் கையால கிழிச்சது. மாரப்பா, எந்தப் படத்தைப் பாத்துய்யா கட்டினேன்னு கேட்டேன்.

"படமெல்லாம் இல்லீங்க சார். சாந்தாமணியம்மா வந்தாங்க. நடந்து காட்டினாங்க. இங்க இருந்து இது வரைக்கும், இங்க கதவுன்னு. நான் சாக்பீஸ்ல கோடு போட்டேன். அப்புறம் டேப்பு வெச்சுப் பாத்தா பழைய படத்துல இருந்த அதே அளவுங்க. ஒரு விரக்கடை மாறலை." 

அந்தம்மாவுக்கு அளவெடுக்கத் தெரியாதுங்க. படம் பாக்கவும் தெரியாது. மொதல் நாள் ஆபீசுல வந்தப்ப வாசப்படி எதுன்னு என்னைக் கேட்டாங்க. டேப்பை வாங்கி நானே ஒருக்கா அளந்து பாத்தேன், அதே அளவுதான். ஆனா நான் வேலையில இருக்கறவனில்லீங்களா? அம்மா சொன்னாப் படத்துல வந்துருமா, படத்துல இல்லாததை எவன் கட்டச் சொன்னதுன்னு கத்தினேன். மாரப்பன் கரணையைக் கழுவிட்டு நின்னார். "பெத்தவங்க வந்து நின்னு கேக்கறாங்க, மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க சார்"னார்.

அந்த நேரம் பாத்து வெளிய கார் வந்து நிக்குது. சிவசண்முகம். நான் மாரப்பனைப் பின்னால போய் நிக்கச் சொன்னேன். ஓனர் முன்னால வாயைத் தெறக்கக் கூடாதுன்னு சொன்னேன். சைட்டுல அதுவும் ஒரு ஒழுங்குதான், வேலைக்காரங்க நேரா ஓனர்கிட்டப் பேசக்கூடாது.

அவர் உள்ள வந்தார். சுவத்தைப் பாத்தார். அப்படியே நின்னுட்டார். ஏன் கட்டினீங்க, யார் கட்டச் சொன்னதுன்னு ஒண்ணும் கேக்கலை. மெதுவா நடந்து கதவுக்கு விட்ட எடத்து வழியா உள்ள போனார். சந்து வழியாப் போற மாதிரி ஒடம்பை ஒடுக்கிட்டுப் போனார். உள்ள போய் அந்தச் சுவத்து மேல கையை வெச்சார். கலவை இன்னும் ஈரமா இருந்துச்சு, கையில ஒட்டுச்சு. எடுக்கலை. நான் வெளியில நின்னு, மன்னிச்சுக்குங்க சார், ஆளுங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க, இடிச்சுரலாமுங்கன்னு சொல்றேன்.

"இடிக்கோணுமா தனபாலு?"

ஆமாங்க சார், படத்துல இல்லீங்களேன்னேன்.

என்னை ஒருக்கா பாத்தார். நான் சொன்னேன், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, பொழுது விழுகறதுக்குள்ள எடுத்துருவோம், நாளைக்கு வந்து பாத்தீங்கன்னா தடமே இருக்காதுன்னு. அவருக்குத் தெம்பு குடுக்கறதுக்காகத்தான் சொன்னேன். தலையை ஆட்டிட்டு வெளிய வந்தார். கையைக் கழுவிட்டுப் போங்க சார், சிமெண்ட்டுன்னேன். கழுவலை. அப்படியே கார்ல ஏறிப் போயிட்டார்.

இடிச்சோம். நானே நின்னு இடிக்க வெச்சேன். மாரப்பன் தொட மாட்டேன்னுட்டார், வேற ஆளை வெச்சு இடிச்சது. தரையைக் கூட்டித் தண்ணி ஊத்தி அந்த சாக்பீஸ் கோட்டையும் தேய்க்கச் சொன்னேன். அந்தம்மா அன்னைக்கே போன் பண்ணுச்சு. திட்டப் போகுதுன்னு நெனைச்சு எடுத்தேன். "இடிச்சுட்டீங்களாண்ணா?" ஆமாம்மான்னேன். "சரிங்கண்ணா." வெச்சுருச்சு. அத்தோட எனக்குப் போன் பண்ணவே இல்லை.

இதோ வருது பாருங்க, அந்தப் புளிய மரத்துக்கு அக்கட்டால. எனக்குச் சொல்ல வேண்டாம், நீங்களே பாத்துக்குங்க. வெள்ளைச் சுவரு, சாம்பல் நெறக் கேட்டு. மூலையில ரெண்டு ஜன்னல் தெரியுதுங்களா? தெரியுதா? தெறந்திருக்குதுங்களா சாத்தியிருக்குதுங்களா? இல்லை, சொல்ல வேண்டாம் விடுங்க.

போயிருச்சா. சரி.

அப்புறம் கதவு வந்துச்சு. ஆசாரிக்குப் பழைய கணக்குப்படி ஆர்டர் போயிருந்துச்சு, அவர் பட்டறையில அதை முன்னாலயே செஞ்சு வெச்சுட்டார். நான் வேண்டாம்னு சொல்லி அனுப்பினது அவருக்கு எட்டறதுக்குள்ள வண்டியில ஏத்திட்டார். எல்லாக் கதவும் அதுக்கது எடத்துல மாட்டியாச்சு. இது ஒண்ணு மிச்சம். மாட்ட சுவரில்லை. மாடிப்படிக்கு அடியில சாத்தி வெச்சாங்க. போறப்ப வர்றப்ப அது என்னைப் பாத்துட்டே நிக்கும். ஆசாரியைத் திருப்பி எடுத்துட்டுப் போகச் சொன்னேன். வர்றேன் வர்றேன்னார், வரலை. ஒரு நாள் போனா கதவு அங்க இல்லை. யார் எடுத்தாங்கன்னு யாருக்கும் தெரியலை. ஆசாரியும் எடுக்கலை. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் மில்லுக்குக் கொண்டு போயிருக்கோணும்னு மாரப்பன் சொன்னார். எந்த ஒருத்தர்னு அவருக்கும் தெரியலை. எனக்கு அது தேவையில்லாத விஷயம். கணக்குல ஒரு கதவு குறைஞ்சா சரியாப் போச்சு, அவ்வளவுதான்.

வீடு முடிஞ்சுது. கடைசியாப் படத்தையும் வீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒத்துப் பாக்கறது ஒண்ணு இருக்குதுங்க. ஒவ்வொரு சுவரு, ஒவ்வொரு ஜன்னலு. நான் பாத்த வீட்டுலயே ஒண்ணுகூட மாறாம ஒத்துப் போனது அந்த வீடுதான். மேடமே பாராட்டினாங்க. தனபால் சார், உங்களாலதான் இவ்வளவு சுத்தமா முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. சொன்ன அதே வாயிதானுங்க, இப்ப அந்த ஆபீசுல இருந்து எனக்குப் போனே வர்றதில்லை. யாரோ ஒரு சின்னப் பொண்ணைப் போட்டிருக்கறாங்களாம். போன்ல வர்றது, வாசல்ல வந்து சொல்றது, எல்லாத்தையும் போய் மேடம்கிட்டச் சொல்லுமாம். அதுக்குப் பேரு வேலையுங்களா? தபால்பெட்டி.

சரி, என்ன ஆச்சுன்னுதானே கேக்கறீங்க.

பால் காச்சறதுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தாங்க. நானும் மேடமும் போனோம். மாரப்பனும் வந்திருந்தார், வேட்டி சட்டையெல்லாம் போட்டு. பெரிசாச் செய்யலை, ஒறம்பரை, சொந்தபந்தம் மட்டும் கொஞ்சப் பேரு. அந்தப் புள்ள போட்டோ எங்கயும் இல்லை. அவர் அந்தம்மாவுக்காக வெக்கலை, அந்தம்மா அவருக்காகக் கேக்கலைன்னு பின்னால தெரிஞ்சுது.

ஹாலு நெம்பப் பெருசுங்க. மூலையில ரெண்டு ஜன்னல்லயும் காலை வெயிலு வந்து தரையில விழுகுது. எல்லாரும் நல்லா இருக்குது, கல்யாணமே வெக்கலாம்னாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு கவனிச்சேன். அந்தம்மா சமையக்கட்டுல இருந்து பூஜை ரூமுக்குப் போகுது. நேராப் போனாச் சுருக்கு. போகலை. ஹால்ல ஒரு எடம் வரைக்கும் வந்து, அங்க இருந்து திரும்பி, ஓரமாவே போய், மறுபடி திரும்பிப் போகுது. திரும்பி வர்றப்பவும் அதே மாதிரி. தாம்பாளத்தைத் தூக்கிட்டுப் போறப்ப முழங்கையை ஒதுக்கிக்கிட்டுப் போச்சு. சரி, கோலம் ஏதாவது போட்டிருப்பாங்களோன்னு தரையைப் பாத்தேன். ஒண்ணுமில்லை. அப்புறம் அவரைப் பாத்தேன். ஆளுங்களை வரவேத்துட்டு வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்கறார். அவரும் அதே எடத்துலதான் திரும்பறார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கலை. வேலையில இருக்கறாங்க.

சமையக்காரரு பந்தி போட எடம் கேட்டார். அவர் ஆளுங்க ஜமக்காளத்தைத் தூக்கிட்டு அந்த மூலைக்குப் போறாங்க. வெயிலு விழுகற எடம், நல்ல எடம்.

"அங்க வேண்டாம்."

ரெண்டு பேரும் சொன்னாங்க. அவர் வாசப்பக்கம் நிக்கறார், அந்தம்மா சமையக்கட்டு வாசப்படியில நிக்குது. ஒரே நேரம், ஒரே வார்த்தை. ஒரு சொல்லு முன்ன பின்ன இல்லை. ஜமக்காளத்தைத் தூக்கினவங்க அப்படியே நின்னுட்டாங்க.

அந்தம்மா அவரைப் பாத்துச்சு. அவர் அந்தம்மாவைப் பாத்தார். "உங்களுக்குமா?"ன்னு கேட்டுச்சு. அவர் தலையை ஆட்டினார். அந்தம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிச்சு. அப்புறம் என்னைத் தேடிப் பாத்துச்சு. அத்தனை பேருல என்னையத்தான் தேடுச்சு.

"அண்ணா, உங்ககிட்டத்தானுங்ணா சொன்னேன்."

அவர் மெதுவா என் பக்கம் திரும்பினார். "நானும் உங்களைத்தானே கேட்டேன் தனபாலு."

அவ்வளவுதானுங்க. திட்டலை. ரெண்டு திட்டு திட்டியிருந்தா நானும் ரெண்டு பதில் சொல்லியிருப்பேன். என்கிட்ட மெயில் இருக்குது, கையெழுத்து இருக்குது, எல்லாம் இருக்குது. அந்தம்மா போய் அந்த மூலையில தரையில உக்காந்துச்சு. போறப்ப நேராப் போகலைங்க. கதவுக்கு விட்ட எடம் இருந்துச்சு பாருங்க, அங்க போய் நின்னு, உள்ள போய் உக்காந்துச்சு. அவர் பின்னாலயே போனார். அவரும் அந்த வழியாத்தான் போனார், ஒடம்பை ஒடுக்கிட்டு. ரெண்டு பேரும் உள்ள உக்காந்து அழுதாங்க. ஒறம்பரை ஒருத்தர்கூட உள்ள போகலை. எல்லாரும் வெளியில நின்னாங்க, கதவு சாத்தியிருந்தா நிப்பாங்களே, அப்படி நின்னாங்க.

மேடம் என் பக்கத்துல வந்தாங்க. "உங்களுக்குத் தெரியுமா சார்?"னு கேட்டாங்க. எழுத்துல எதுவும் வரலீங்க மேடம்னு சொன்னேன். அவங்க என்னை விட்டுத் தள்ளிப் போய் நின்னாங்க. என்னங்க தப்பு அந்தப் பதில்ல? ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லியிருக்கோணும். ஒரே வீட்டுல ஒரே கூரைக்குக் கீழ இருந்துட்டு, என்கிட்டச் சொல்லி நான் கேக்கலைன்னா எப்படிங்க? நான் யாரு, மூணாவது மனுஷன்.

சாப்பிட மனசில்லை, கெளம்பிட்டேன். சமையக்கட்டுப் பக்கம் நின்னுட்டு இருந்தேன். வாசலு எதுக்காலயே தெரியுது. நடுவுல ஒண்ணுமில்லை, வெறும் தரை, என் படத்துல இருக்கற மாதிரியே வெறும் தரை. குறுக்க நடந்தா வெளிய வந்துரலாம். காலை எடுத்து வெச்சேன். போக முடியலைங்க தம்பி. அத்தனை பேரும் பாத்துட்டு இருக்கறாங்க, நான் அந்தச் சுவத்தைச் சுத்திக்கிட்டுத்தான் வெளிய வந்தேன்.